எந்தக் காலத்திலிருந்து?

அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, மங்கலம்பேட்டை



அண்ணலின் நினைவு நாளில் பேச அழைத்த தோழர்கள், எதைப் பற்றிப் பேசுவது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். கவிதையைப் பற்றியோ சிறுகதையைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் கற்காலத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அந்தப் பட்டியலைப் பற்றி. இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் பிறந்தது இதே விருத்தாசலம் வட்டாரத்தில் ஒரு சிற்றூர். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இறந்துபோனார். சுடுகாட்டுக்கு எங்களுக்கென்று இருந்தது ஓடை வழி. ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது. ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் நனையாமல் போய்விடலாம். என் தாத்தாவும் இன்னும் நாலு பேரும் போய்க் கேட்டார்கள். நானும் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்: "இது இன்னைக்கு நேத்து வந்ததாடா? காலங்காலமா இருக்கிற வழக்கம்." தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கேட்டார்: "எந்தக் காலத்துலேருந்துங்க ஆண்ட?"

பெரியவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க தாத்தா காலத்துலேருந்து" என்றார்.

அன்றைக்குப் பாட்டியின் உடல் ஓடை வழியாகத்தான் போனது. ஆனால் தாத்தாவின் கேள்வி என்னோடு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகாத அவர் கேட்டது ஒரு வரலாற்று ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி. "காலங்காலமாக" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் ஒரு காலக் கணக்கைச் சொல்கிறார். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

அலமாரியில் பிறந்த காலங்கள்

மனிதர்களின் எழுதப்படாத காலத்தைக் கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்தவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த தோம்சன். வணிகர் வீட்டுப் பிள்ளை. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை எந்த அலமாரியில் எதை வைப்பது என்பது அவர் முன்னிருந்த சிக்கல். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து கிடைத்தது என்று பார்த்து, கருவி எதனால் ஆனது என்பதை வைத்து அடுக்கினார். 1836இல் வெளியான வழிகாட்டி நூலில் அந்த முறை அச்சேறியது. 1865இல் இங்கிலாந்தின் ஜான் லப்பக் கற்காலத்தை இரண்டாக்கி, கல்லைச் செதுக்கிய காலம் பழைய கற்காலம், தேய்த்து வழவழப்பாக்கிய காலம் புதிய கற்காலம் என்றார். நம் பாடப்புத்தகத்துப் பட்டியலின் கதை இவ்வளவுதான்.

லப்பக்கின் புத்தகம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1863 மே 30 அன்று, சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு சரளைக் குழியில் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுவே முதல் சான்று. ஃபுட்டின் பெயரை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தச் சரளைக் குழி தானாக உண்டானதல்ல. யாரோ மண்வெட்டியும் கூடையுமாக நின்று தோண்டியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. நம் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம் மருங்கூரில், 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இத்தகைய குழிகளில் அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி எடுப்பவர்களும், கூடை சுமக்கும் பெண்களும் உள்ளூர்க் கூலி உழைப்பாளிகள்தான். கடந்தகாலத்தை முதலில் தொடுகிற கை அவர்களுடையது.

தோம்சனின் பிரிவினை பயனுள்ள ஒன்று. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது மட்காத பொருளை வைத்துக் காலத்துக்குப் பெயர் வைத்தது என்பதை மறக்கக் கூடாது. கல் மட்காது. வெண்கலம் பச்சை பிடித்தாலும் மிஞ்சும். இரும்பு துருப்பிடித்தாவது கிடக்கும். மரம், மூங்கில், நார், தோல் நம் மண்ணில் நிற்காது. அதனால்தான் மூங்கில் காலம் என்று ஒன்று இல்லை. தோல் காலம் என்றும் ஒன்று இல்லை.

கற்காலக் கருவிகளில் "சுரண்டி" என்று ஒரு வகை உண்டு. உலகெங்கும் ஏராளமாகக் கிடைப்பது. அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று விலங்கின் தோலைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. அலமாரியில் கல் இருக்கிறது. அந்தக் கல் யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தோல் இல்லை. குளிருக்குப் போர்வையும், தண்ணீர் எடுக்கப் பையும், காலுக்குச் செருப்பும், கொட்டுவதற்குப் பறையும் தந்த தொழில் அது. உழவுக்கும் இரும்புக்கும் முந்தியது. பிற்காலத்தில் அந்தத் தொழிலைத்தான் இழிவு என்று சொல்லி ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். வரலாற்றின் வயதுப்படி பார்த்தால், தோல் தொழிலாளியின் முன்னால் நெல் வயல் நேற்றுப் பிறந்த குழந்தை.

ஏணியும் அதில் ஏற்றப்பட்டவர்களும்

காலத்தைப் பொருளால் பிரிப்பது ஒரு வகை. மனிதர்களையே படிநிலைகளாகப் பிரிப்பது இன்னொரு வகை. அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1877இல் வெளியிட்ட நூலில் மனிதகுலம் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று படிப்படியாக ஏறி வந்தது என்றார். முதல் இரண்டையும் மும்மூன்றாகப் பிரித்தார். ஆக ஏழு படிகள். நெருப்பு ஒரு படி, வில் அம்பு ஒரு படி, மண்பாண்டம் ஒரு படி, கால்நடை ஒரு படி, இரும்பு உருக்குவது ஒரு படி, எழுத்து வந்தால் நாகரிகம்.

மார்கன் நல்ல மனிதர். இரோகுவா பழங்குடிகளின் நில உரிமைக்காகப் பாடுபட்டவர். சொத்தும் குடும்பமும் மாறி வந்தவை, இனியும் மாறக்கூடியவை என்று அவர் காட்டியதால்தான், 1884இல் எங்கெல்ஸ் அவருடைய ஆய்வை வைத்துக் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தை எழுதினார். நம்மில் பலர் இடதுசாரிப் படிப்பு வட்டங்களில் அதைப் படித்து வளர்ந்தவர்கள். "வால்காவிலிருந்து கங்கை வரை" கைக்குக் கை மாறிய நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. எதுவும் என்றைக்கும் இப்படியே இருந்ததில்லை என்று எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவை அந்தப் புத்தகங்கள். அந்தக் கடனை மறுக்க முடியாது.

ஆனால் ஏணிக்கு ஒரு குணம் உண்டு. அதை நட்டுவைத்தால், பக்கத்து வீட்டுக்காரரைக் கீழ்ப்படியில் உட்கார வைக்கத் தோன்றும். இன்றைக்கு உயிரோடு இருக்கிறவரைப் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தியவர் என்று சொல்லத் தோன்றும். நம் நாட்டில் அது அரசாணையாகவே நடந்தது. 1970களில் சில பழங்குடிகளை "ஆதிநிலைப் பழங்குடிகள்" என்று இந்திய அரசு வகைப்படுத்தியது. அதற்கான அளவுகோல்களில் ஒன்று, அவர்களுடைய தொழில்நுட்பம் வேளாண்மைக்கு முந்தைய நிலையில் இருக்க வேண்டும் என்பது. 2006இல்தான் அந்தப் பெயரை மாற்றி, "குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள்" என்றார்கள். நம் மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் வயல் வரப்பிலும் நாம் பார்க்கிற இருளர் மக்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

திட்டங்களில் முன்னுரிமை தருவதற்காகத்தான் அந்தப் பட்டியல். ஆனால் பெயரைப் பாருங்கள். நிலம் இல்லாததால் உழாதவரை, உழவு தெரியாத காலத்தவர் என்று அது பதிவு செய்கிறது. வறுமைக்கு வரலாற்றுக்கு முந்தைய காலம் என்று பெயர் வைத்துவிட்டால், அந்த வறுமையை உண்டாக்கியவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

இதே இருளர் மக்கள்தான் 1978 முதல் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு பிடித்து, நஞ்செடுத்து, நஞ்சுமுறி மருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுத்துவருகிறார்கள். நடவு வயலில் பாம்பு கடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிற நம் பெண்களுக்குப் போடுகிற ஊசிக்குப் பின்னால் அவர்களுடைய கை இருக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பின் தடத்தைப் படிக்கிற அறிவு எந்தக் காலத்து அறிவு? பழைய கற்காலமா, இருபத்தோராம் நூற்றாண்டா? இரண்டும்தான். ஒரே மனிதரிடம் பல காலங்கள் சேர்ந்து வாழும். என் வீட்டில் கைப்பேசியும் இருக்கிறது, அம்மிக்கல்லும் இருக்கிறது. அதற்காக என்னைப் புதிய கற்காலத்தவர் என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

தெற்கே படி இல்லை

ஏணி பொருந்தாது என்பதற்கு நம் மண்ணே சாட்சி. தோம்சனின் வரிசை கல், வெண்கலம், இரும்பு. தென்னிந்தியாவில் வெண்கலக் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. புதிய கற்காலத்திலிருந்து இரும்புக்கு நேராக வந்துவிட்டோம். சிந்துவெளியில் செங்கல் நகரங்கள் எழுந்து நின்ற அதே காலத்தில், தக்காணத்தில் மாடு மேய்த்த மக்கள் கல் கோடரியோடு வாழ்ந்தார்கள். ஒரே நாளில், ஒரே சூரியனின் கீழ், இரண்டு "காலங்கள்". இவர்கள் அவர்களுக்குப் பின்தங்கியவர்களல்ல. வேறு நிலத்தில் வேறு விதமாக வாழ்ந்தவர்கள்.

இரும்புக் கணக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலக் கணிப்பை 2022இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இரும்பைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். ஒரு கரித்துண்டு போதும், காலத்தின் எல்லைக் கல்லைப் பிடுங்கி ஆயிரம் ஆண்டு தள்ளி நடுவதற்கு. காலப் பிரிவுகள் நாம் போட்டுக்கொண்ட வரப்புகள். வரப்பை மாற்றி வெட்டலாம்.

அந்த அறிவிப்பு வந்த நாளில் எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். உலகுக்கு முன்னோடியாக நம் மண்ணில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்றால் பெருமைதான். ஆனால் உருக்கியது யார்? உலைக்கு முன்னால் நின்று துருத்தி ஊதியவர், மரம் வெட்டிக் கரி சுட்டவர், மண்ணை அரித்து இரும்புக்கல் பொறுக்கியவர். பெருமையில் அவர்களுக்குப் பங்கு கொடுக்காமல், ஐயாயிரம் ஆண்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்கிற ஊரில், இன்றைக்கும் இரண்டு சுடுகாடு இருக்கிறது.

அண்ணல் குறித்த தேதி

இப்போது என் தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன்.

1948இல் அண்ணல் "தீண்டப்படாதோர் யார்? அவர்கள் ஏன் தீண்டப்படாதோர் ஆயினர்?" என்ற நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையில் தன் வேலையை, உடைந்த கற்களிலிருந்து ஒரு நகரத்தை மீட்டெடுக்கும் தொல்லியலாளரின் வேலைக்கும், சிதறிய எலும்பையும் பல்லையும் வைத்து அழிந்துபோன விலங்கை உருவகிக்கும் ஆய்வாளரின் வேலைக்கும் ஒப்பிடுகிறார். எழுத்தில் சான்று இல்லாத இடத்தில் எப்படி வரலாறு எழுதுவது என்பதுதான் அவர் முன்னிருந்த சிக்கல். வரலாற்றுக்கு முந்தைய காலத்தை ஆராய்கிறவர்களின் சிக்கலும் அதுவே.

அவர் இரண்டு காலக் கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்தார். சேரி எப்போது வந்தது என்பது ஒன்று. தீண்டாமை எப்போது வந்தது என்பது மற்றொன்று. மக்கள் மாட்டு மந்தையோடு அலைந்த வாழ்க்கையிலிருந்து ஓரிடத்தில் தங்கி உழுகிற வாழ்க்கைக்கு மாறிய காலத்தில், போரில் சிதறிய குழுக்கள் ஊர் எல்லையில் தங்கிக் காவல் வேலை பார்த்தார்கள். அவர்களே "சிதறுண்ட மக்கள்". அப்போது அவர்கள் தீண்டப்படாதவர்கள் அல்லர் என்றார். தீண்டாமை அதற்கு வெகு பின்னால், பௌத்தத்துக்கும் பார்ப்பனியத்துக்கும் நடந்த போராட்டத்தில், மாட்டிறைச்சி காரணமாக்கப்பட்டுப் பிறந்தது என்றார். தேதியும் குறித்தார்: ஏறத்தாழ கி.பி. 400.

அந்தக் கருத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். சங்கப் பாடல்களிலேயே சில தொழில் செய்பவர்களைத் தாழ்த்திச் சொல்லும் சொற்கள் இருப்பதைச் சுட்டி, வேர் இன்னும் முந்தியது என்பாரும் உண்டு. மரபணு ஆய்வாளர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள். ஐதராபாத் ஆய்வகத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்து மணந்தார்கள், பிறகுதான் தனித்தனியாக அடைத்துக்கொண்டார்கள் என்கிறது. 2016இல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, பல மேல்சாதிக் குழுக்களில் அந்தக் கலப்பு நின்றுபோனது ஏறத்தாழ எழுபது தலைமுறைக்கு முன்பு என்கிறது. கிட்டத்தட்ட 1,600 ஆண்டுகள். அகமணமும் தீண்டாமையும் ஒன்றல்ல. இதை அண்ணலின் கூற்றுக்கு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வேறு வழிகளில் நடந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து ஊரில் வந்து நிற்கிறார்கள்.

பிறகு கல்வெட்டு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது, ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும், சுடுகாடு தனியாகவும் பறைச்சுடுகாடு தனியாகவும் சொல்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்து. இந்த ஊரின் பெயரையே பாருங்கள். மங்கலம் என்பது சோழர் காலத்தில் பார்ப்பனர்களுக்கு விடப்பட்ட ஊர்களின் பெயரில் வழக்கமாக வரும் சொல். பேட்டை என்பது சந்தையையும் கைத்தொழிலையும் சுற்றி எழுந்த குடியிருப்பின் பெயர். ஊர்ப் பெயர்களில் காலங்கள் இப்படி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நம் தெருக்கள் எந்த அடுக்கிலும் இருந்தன. பெயரில்தான் வரவில்லை.

இந்தத் தேதிகளை எல்லாம் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்போம். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் ஆய்ந்த கைக்கோடரிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள். தமிழ் மண்ணில் மனித மூதாதையர் வாழ்ந்த அந்த 15 லட்சம் ஆண்டுகளை ஒரு நாளாகச் சுருக்குங்கள். நள்ளிரவு 12 மணிக்குக் கைக்கோடரி. அடுத்த கட்டமான இடைப் பழைய கற்காலக் கருவிகள் அதே அத்திரம்பாக்கத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு வருகின்றன. நம் கடிகாரத்தில் மாலை 5.50. சிவகளை இரும்பு இரவு 11.55. தீண்டாமைக்கு அண்ணல் சொன்ன தேதியை விட்டுவிட்டு, முந்தியதாகவே 2,000 ஆண்டு என்று வைத்துக்கொண்டாலும், இரவு 11.58. ராஜராஜன் கல்வெட்டு 11.59. அந்தத் திண்ணைப் பெரியவரின் தாத்தா காலம் கடைசி ஆறேழு நொடி.

இருபத்து மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம் இந்த மண்ணில் சேரி இல்லை. தீட்டு இல்லை. பெருங்கற்காலத்து ஈமக்காடுகளைத் தோண்டினால் ஒரு குழியில் பொருள் அதிகமாகவும் ஒரு குழியில் குறைவாகவும் இருக்கிறது. ஏற்றத்தாழ்வு அப்போதே தலைகாட்டியிருக்கலாம். ஆனால் இந்தப் பிணம் இந்த வழியாகப் போகக்கூடாது என்று எந்தத் தாழியும் சொல்லவில்லை. "காலங்காலமாக" என்ற சொல்லின் வயது இரண்டு நிமிடம். தொடங்கிய தேதி உள்ள எதற்கும் முடிகிற தேதியும் உண்டு. அண்ணல் கி.பி. 400 என்று எழுதியபோது, நம் கையில் கொடுத்தது அதைத்தான்.

நாளை என்கிற காலம்

கடைசியாக ஒன்று. காலத்தின் பெயரைத் தம் பெயராக எடுத்துக்கொண்ட மக்கள் நாம். 1922இல் சென்னை மாகாண அரசு ஆதி திராவிடர் என்ற பெயரை ஏற்றது. நம் முன்னோர் போராடிப் பெற்ற பெயர். ஏணிக்காரர்கள் "முந்தியவர்" என்றால் கீழ்ப்படி என்று பொருள் கொண்டார்கள். நம் முன்னோர் அதே சொல்லை எடுத்து, முந்தியவர் என்றால் முதல்வர் என்று பொருள் மாற்றினார்கள். பெரிய துணிச்சல் அது. ஆனாலும் முதலில் வந்தவர் என்பதால்தான் உரிமை என்று நாம் வாதாடத் தேவையில்லை. நேற்று வந்தவருக்கும் பாதை பொது. பக்கத்துப் பழமலையைவிட நான் பழையவன் என்று நிரூபித்தால்தான் தெருவில் நடக்கலாம் என்றால், அது நியாயம் ஆகாது.

தீண்டப்படாதோர் யார் என்ற அந்த நூலை அண்ணல் மூன்று பேரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நந்தனார், ரவிதாசர், சோகாமேளர். முதல் பெயர் நம் பெயர். கொள்ளிடக் கரைப் பக்கத்து ஆதனூர்க்காரர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அலமாரியில் இடம் கிடைக்காத அந்தத் தோல் காலத்தின் மனிதர். தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, போக முடியாமல், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது. போனவரை நெருப்பில் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள்.

கற்காலம், இரும்புக் காலம் என்று காலத்துக்கு எத்தனையோ பெயர் வைத்தார்கள். நமக்கு மட்டும் ஒரே காலத்தைக் கொடுத்தார்கள்: நாளை. மனு எழுதிக் கொடுத்தால் நாளை. பாதை கேட்டால் நாளை. பட்டா கேட்டால் நாளை. அடுத்த முறை யாராவது உங்களிடம் "காலங்காலமாக" என்று சொன்னால், கோபப்பட வேண்டாம். துண்டைக் கக்கத்தில் இடுக்கவும் வேண்டாம். தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, என் தாத்தா கேட்ட கேள்வியைக் கேளுங்கள். எந்தக் காலத்திலிருந்து? பதில் வந்ததும் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். எந்தத் தேதி வரைக்கும்?

 ஜெய்பீம்.